திருச்சபையின் ஒற்றுமையைக் காத்த ஆயர் புனித சிப்ரியான்

ஆதித் திருச்சபையின் ஒற்றுமை பற்றிய வினாவுக்கு எருசலேம் சமூகத்தை மட்டும் குறிப்பிட்டு விடையை நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் அவ்வொற்றுமை உடையும் நிலைக்கு வந்தபோது அதைக் காக்க உழைத்த சிப்ரியானின் வாழ்வையும் அறிந்திருங்கள்.

சிப்ரியான் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சொற்கலை கற்பித்த செல்வந்தர். இந்நகர் இன்றைய துனீசியாவில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 246 இல் திருமுழுக்குப் பெற்ற அவர், தமது செல்வத்தை ஏழைகளுடன் பகிர்ந்துகொண்டார். சில ஆண்டுகளிலேயே ஆயராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

கி.பி. 250 இல், எல்லோரும் உரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்னும் பேரரசன் தேசியுஸின் கட்டளை நடைமுறைக்கு வந்தது. அஞ்சிய கிறிஸ்தவர்களுள் சிலர் பலியிட்டனர். சிலர் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் பெற்றனர். சிப்ரியான் மறைந்திருந்து கடிதங்கள் மூலம் மக்களை வழிநடத்தினார். இதனைச் சிலர் குறைகூறினர்.

வேதகலாபனை தணிந்ததும் தவறியோர் திரும்பிவர விரும்பினர். இதனாற் பிளவு ஏற்பட்டது. கார்த்தேஜில் ஒரு சாரார் அவர்களை உடனே ஏற்கவேண்டும் என்றனர். உரோமையில் நொவாசியன் ஒருபோதும் ஏற்கக்கூடாது எனக்கூறி, போட்டி ஆயரானார். சிப்ரியான் 251 இல் ஆயர் மன்றத்தைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் பெற்றோரைத் தனித்தனியே விசாரித்து ஏற்கவும், பலியிட்டோர் நீண்டகாலம் தவமுயற்சி செய்யவும், அவர்களை மரணத் தறுவாயில் ஏற்கவும் முடிவாயிற்று. அக்காலத்திலேயே திருச்சபையின் ஒருமைப்பாடு பற்றிய நூலையும் அவர் எழுதினார்.

அவரது ஒற்றுமை சொல்லளவில் நிற்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளரைப் பராமரிக்க ஒழுங்குசெய்தார். நுமீதியாவிற் சிறைப்பிடிக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்க, கார்த்தேஜ் மக்களிடம் 100,000 செஸ்தர்சு நாணயம் சேர்த்து அனுப்பினார்.

பிரிந்துசென்றோர் வழங்கிய திருமுழுக்குச் செல்லுமா என்பதில் உரோமை ஆயர் ஸ்தேவானுடன் அவர் முரண்பட்டார். 256 இல் 87 ஆயர்களின் கருத்துகள் பதிவான மன்றம் சிப்ரியானை ஆதரித்தது. ஆயினும் மாற்றுக் கருத்துடைய ஆயர்களை அவர் உறவிலிருந்து விலக்கவில்லை. மேலைத் திருச்சபை பிற்காலத்தில் ஸ்தேவானின் நிலைப்பாட்டையே ஏற்றது.

பேரரசன் வலேரியன் காலத்தில், 257 இல் நாடுகடத்தப்பட்ட சிப்ரியான், 258 செப்டெம்பர் 14 இல் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்.

மாணவர்களே, நினைவிற் கொள்ளுங்கள்: தவறியோருக்கு வாயிலை அடைக்காமலும், தவறைச் சிறிதாக்காமலும், கருத்து வேறுபட்டவரைப் பிரித்துவிடாமலும் அவர் ஒற்றுமையைக் காத்தார். உங்கள் விடையில் இம்மூன்றையும் உரிய நிகழ்வுகளுடன் விளக்குங்கள்.