மண்ணுக்குக் கணக்கெழுதிய குமரப்பா

நாம் உண்ணும் ஒரு பிடி சோற்றுக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, கடையில் நாம் கொடுப்பது. மற்றொன்று, அதனை விளைவிக்க மண்ணும் நீரும் மனித உழைப்பும் கொடுப்பது. இந்த இரண்டாவது விலையைக் கணக்கெடுப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஜே.சி. குமரப்பா.

கணக்கர் காந்தியரானார்

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். இலண்டனில் கணக்காயர் கல்வி பெற்றுப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றபோது, ஆங்கில அரசின் நிதிக்கொள்கை இந்தியாவை வறுமைக்குள்ளாக்கியதை ஆராய்ந்தார். 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்த பின் அவருடைய வாழ்க்கை திசைமாறியது. மேனாட்டு உடையை நீக்கிக் கதர் உடுத்தினார்; குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். குசராத்தின் மாத்தார் வட்டத்துச் சிற்றூர்களில் மாணவர்களுடன் சென்று மக்களின் வரவு செலவுகளை ஆராய்ந்தார். ஏட்டில் கற்ற பொருளியலுக்கு அங்கே உயிர் கிடைத்தது.

உணவும் நிலமும்

1934இல் வார்தாவில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பெற்றது. அதன் செயலராகப் பொறுப்பேற்ற குமரப்பா, அன்றாட உணவை ஆய்வுப் பொருளாக்கினார். ஆலையில் தீட்டிய அரிசி தவிட்டோடு உயிர்ச்சத்தையும் இழக்கிறது. கைக்குத்தல் அரிசியிலோ சத்து எஞ்சுகிறது. குத்துவோருக்குக் கூலி கிடைக்கிறது. உமியும் தவிடும் ஊரிலேயே தங்கி எருவாகவும் தீவனமாகவும் பயன்படுகின்றன. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கும் இது பொருந்தும். பிண்ணாக்கு ஊர் மாட்டுக்கே கிடைக்கிறது. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்பும் இச்சுழற்சி அறுபடலாகாது என்பதே அவருடைய கவலை.

பனையின் பயனை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கரும்பு நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் வேண்டுவது. பனையோ தரிசிலும் தானே வளர்வது. பதநீரிலிருந்து வெல்லம் காய்ச்சினால், கரும்பு பிடித்துக்கொள்ளும் நன்செய் உணவுத் தானியத்துக்குக் கிடைக்கும் என்று அவர் கணக்கிட்டார். பணப்பயிருக்கு முன், அந்தந்த வட்டார மக்களுக்கு வேண்டிய தானியம், பருப்பு, காய்கறி, பால் ஆகியவற்றுக்கு நிலத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்றார். ஓர் இலட்சம் மக்களின் தேவைக்கு எவ்வளவு நிலம் வேண்டும் எனத் திட்டமும் வகுத்தார்.

சிறையில் விளைந்த சிந்தனை

விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்ற குமரப்பா, 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்டிருந்தபோது நிலைத்த பொருளாதாரம் குறித்த நூலை எழுதினார். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறைபவை. காடும் விளைச்சலும் பேணினால் மீண்டும் மீண்டும் கிடைப்பவை. தீர்ந்துபோவதை நம்பி எழும் வாழ்வு போட்டிக்கும் போருக்கும் வழிவகுக்கும் என்பது அவருடைய முடிவு. சுற்றுச்சூழல் என்னும் சொல் மக்கள் வழக்கில் பரவாத காலத்தில் எழுந்த சிந்தனை இது.

இறுதிக்காலம்

விடுதலை பெற்ற நாடு பெருந்தொழில்களின் வழியில் நடந்தது. தம் கருத்து ஏற்கப்படாதபோதும் குமரப்பா அதனைக் கைவிடவில்லை. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கிச் சிற்றூர்ப் பணிகளைத் தொடர்ந்தார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில் இயற்கை எய்தினார்.

இன்று கைக்குத்தல் அரிசியும் பனைவெல்லமும் நகரக் கடைகளில் கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஊர்ப்புற உரல்களோ பயனின்றிக் கிடக்கின்றன. பனையேறுவோர் அருகி வருகின்றனர். சத்தை மட்டும் மீட்டு, அதனைத் தந்த உழைப்பையும் நிலத்தையும் மறந்தால், குமரப்பா எழுதிய கணக்கில் பாதியையே நாம் படித்தவராவோம்.