தில்லையாடியைக் காணாத வள்ளியம்மை

சுவெட்டோ என்றதும் 1976 ஜூன் 16 இல் சுடப்பட்ட மாணவரும், அந்நாட்களில் இளைஞர் அடைக்கலம் தேடிய ரெஜினா முண்டி கத்தோலிக்க ஆலயமும் நினைவுக்கு வரும். ஜோகன்னஸ்பேர்க் மாநகரின் புறத்தே அக்குடியிருப்பு உண்டான கதையில் நம்மவருக்கும் பங்குண்டு. 1904 இல் கொள்ளைநோய் பரவியபோது, இந்தியர் வாழ்ந்த சேரியை நகரசபை காலிசெய்து தீயிட்டது. அங்கிருந்த மக்களைத் தொலைவிலுள்ள கிளிப்ஸ்புருட் வெளிக்கு அனுப்பியது. அவ்விடமே பின்னாளில் சுவெட்டோவாக வளர்ந்தது.

அப்போது அதே மாநகரில் வள்ளியம்மை ஆறு வயதுச் சிறுமி. 1898 பெப்ரவரி 22 இல் பிறந்தவள். தந்தை முனுசாமி முதலியார் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியிலிருந்து பிழைப்புக்காகச் சென்று சிறுகடை நடத்தியவர். நாம் அவளைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். அந்த ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை.

1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவு பெறாத இந்தியரின் திருமணங்கள் சட்டப்படி செல்லாதவையாயின. வழக்கோ மரியம் என்ற முஸ்லிம் பெண்ணைப் பற்றியது. அதனால் இந்துப் பெண்களும் மனைவியர் என்ற உரிமையை இழந்தனர். கோவிலில் மணமுடித்த கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும் அந்த இடர் இல்லை. கோவில் மணியோசையும் காத்தான்குடியின் பாங்கொலியும் கேட்டு வாழும் ஆரையம்பதி மக்களுக்கு இதன் வேதனையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காந்தியடிகளின் போராட்டத்தில் பெண்கள் இறங்கினர். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீதான 3 பவுண் வரியையும் அவர்கள் எதிர்த்தனர். வள்ளியம்மை தாயுடன், அனுமதிப் பத்திரமின்றி ட்ரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் நுழைந்தாள். டிசம்பரில் மூன்று மாதக் கடூழியச் சிறை. மரிட்ஸ்பேர்க் மறியற்சாலையிலிருந்து கடுங்காய்ச்சலுடன் வெளியே வந்தாள், உடல் தேறவில்லை. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவளைப் பார்க்க வந்த காந்தியடிகள், மறியலுக்குப் போனதற்காக வருந்துகிறாளா என்று கேட்டார். இல்லை, இன்னொரு முறையும் போவேன் என்றே அவள் பதில் சொன்னாள். 1914 பெப்ரவரி 22 இல், பதினாறாம் பிறந்தநாளில், கண்மூடினாள்.

சில மாதங்களில் சட்டம் மாறியது. வரி நீங்கியது, மறுக்கப்பட்ட திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஜூலை 15 இல், தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேற மூன்று நாட்களே இருந்த காந்தியடிகள், ப்ராம்ஃபொன்டெய்ன் மயானத்தில் அவளுடைய கல்லறைக் கல்லின் திறப்பில் கலந்துகொண்டார். 1909 இல் மறியலில் நோயுற்று இறந்த நாகப்பனின் கல்லும் அன்றுதான் திறக்கப்பட்டது.