பார்வையின் ஓரத்தை அளந்தவர்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இடப்புறமாக வந்த இருசக்கர வாகனத்தை நான் கவனிக்கவில்லை. மயிரிழையில் தப்பினேன். அதன் பிறகே அம்பத்தூரில் கண் மருத்துவரிடம் சென்றேன். பலகையின் கடைசி வரிவரை வாசித்துக் காட்டியவனை, இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவியின் முன் அமர வைத்தார்கள். நடுப்புள்ளியிலிருந்து கண்ணை அகற்றாமல், எங்கேனும் ஒளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும்.

இந்தப் பரிசோதனையை மருத்துவ வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆல்பிரெக்ட் வான் கிராஃபே. 1828-ல் பெர்லினில் பிறந்தவர். அறுவை மருத்துவரின் மகன். கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டபோது, அதன் மதிப்பை உடனே உணர்ந்தவர்களுள் ஒருவர். 1854-ல் அவர் தொடங்கிய கண் மருத்துவ ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது. நோயாளியின் பார்வை எதுவரை விரிகிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதைப் பலகையில் குறித்துப் பார்த்து 1856-ல் எழுதினார். மறு ஆண்டிலேயே, கண்மணியைச் சூழ்ந்த வண்ணப் படலத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் கண் அழுத்தத்தைத் தணிக்கும் சிகிச்சையை அறிவித்தார். கிளாக்கோமாவால் பார்வை போவதைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது அப்போதுதான். காசநோய் அவரை 1870-ல், 42 வயதில் கொண்டுபோயிற்று.

ஆனால், அந்த வயதுக்கு எவ்வளவு மங்கல் இயல்பு என்று ஒப்பிட அவரிடம் எண்கள் இல்லை. சுவீடனின் ஆண்டர்ஸ் ஹெய்ல் குழுவினர் 1980-களில் உருவாக்கிய ஸ்டாட்பேக் மென்பொருள் அதைத்தான் செய்தது. 54 புள்ளிகளில் நம் கண் காட்டும் உணர்திறனை, அதே வயதுடைய ஆரோக்கியமானவர்களின் அளவுகளோடு அது ஒப்பிடுகிறது. இத்தகைய குறை அவர்களில் 5 விழுக்காட்டினருக்கா, அரை விழுக்காட்டினருக்கும் குறைவாகவா என்று சொல்கிறது. சோர்ந்த விரல் தவறாக அழுத்தினாலும் அறிக்கையில் தெரிந்துவிடும். ஒற்றைச் சோதனையை நம்பாமல், ஆண்டுக்கணக்கில் தேய்மானத்தைக் கணிப்பதே அதன் பெரிய உதவி என்பேன்.

என் தாளின் ஓரத்தில் சில கறுப்புக் கட்டங்கள். இழந்தது திரும்பாது, மிச்சத்தைக் காக்கச் சொட்டு மருந்து தந்திருக்கிறார்கள். சென்னையிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் நடந்த ஆய்வில், இந்நோய் கண்டறியப்பட்டோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதுவரை அதை அறியாமலே இருந்தார்கள். உடன்பிறந்தோருக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஆவடியிலிருக்கும் தங்கையை அழைத்துவரச் சொன்னார் மருத்துவர். தனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்கிறாள் அவள். அடுத்த சனிக்கிழமைக்கு அவள் பெயரையும் பதிவு செய்துவிட்டேன்.