குடியானவர் கண்ட மன்றோ துரை

உலகம் கொண்டாடும் பெரிய மனிதரைச் சாமானிய ஜனங்கள் நேரிற் கண்டு பேசுதல் எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. நம் தருமபுரி தகடூரென வழங்கிய பண்டை நாளில், வள்ளலென்று பெயர்பெற்ற அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலிலேயே ஔவையார் பரிசில் பெறாது காத்திருக்க நேர்ந்ததும், வாயில் காப்போனை நோக்கிச் சினந்து பாடியதும் புறநானூற்றிற் காணப்படும் செய்தி. ஔவையார்க்கே அந்நிலை நேர்ந்ததெனின், ஏரும் எருதுமே உடைமையாகக் கொண்டிருந்த நம் முன்னோர் அதிகாரிகளின் வாயிலில் எத்தனை நாள் நின்றிருப்பர் என்பதை அன்பர்கள் ஊகித்துக் கொள்ளலாம். திருவள்ளுவனாரும் அரசனுக்குரிய சிறப்புக்களுள் காண்பதற்கு எளியனாதலை எடுத்தோதியது, அஃது அரிதாகக் காணப்பட்டமையினாலேயே போலும்.

அவ்வரிய குணம் படைத்த ஒருவர், அந்நிய நாட்டிற் பிறந்து, நம் தருமபுரியில் ஏறக்குறைய ஏழாண்டு வசித்துச் சென்றார். அவரே பிற்காலத்தில் சென்னை ராஜதானியின் கவர்னராய் விளங்கிய ஸர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத் திடலருகே குதிரைமேல் வீற்றிருக்கும் சிலையைப் பார்த்திராதவர் நம்மிற் சிலரே. அந்தச் சிலைக்கு உரியவர் பெயரும் புகழும் அடைவதற்கு முன்னரே, அவரை அருகிற் கண்டு, அவரோடு வழக்காடி, சமயத்தில் அவரை ஏமாற்றவும் முயன்றவர் நம் ஜில்லாக் குடியானவரே. ஆதலின் அவருடைய சரித்திரத்தை, நம்மவர் கண்ட பக்கத்திலிருந்து சிறிது கூறப் புகுகின்றோம்.

மன்றோ 1761-ஆம் வருஷம் மே மாதம் 27-ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க நாட்டினர் இங்கிலாந்தோடு தொடுத்த சுதந்தரப் போரினால் அவ்வியாபாரம் நொடித்தது. குடும்பம் வறுமையுற்றமையின், மைந்தர் கும்பெனியாரின் பட்டாளத்தில் சாதாரணக் கேடட்டாகச் சேர்ந்து, 1780-ஆம் வருஷத்தில் சென்னைக் கரையேறினார். அந்த ஆண்டிலேயே ஹைதர் அலியின் படை கருநாடகத்தின்மேல் இறங்கிற்று. பட்டாள வாழ்க்கையில் அவர் அநுபவித்த வறுமை பெரிது. தலையணைக்குப் பதிலாகப் புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துறங்கியதைத் தம் சகோதரியார்க்கு வேடிக்கையாக எழுதியிருக்கின்றார். கிடைத்த சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தாய் தந்தையர்க்கு அனுப்பியும் வந்தார். ஓய்வு நேரங்களிற் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார்.

மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இளமையிற் கண்ட நோயொன்றினால் அவருடைய செவி சிறிது மந்தமாயிற்று. வயதேற அக்குறையும் ஏறிற்று. குடிகளின் முறையைக் கேட்பதிலே பேரெடுத்த ஒருவர்க்குச் செவிப்புலன் குன்றியிருந்ததை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே உண்டாகின்றது. தூரத்தே நிற்பவர் சொல்வது காதில் விழாதவர், பேசுவோரை அருகிலழைத்தன்றி வேறென் செய்வார்? இஃது நம்முடைய ஊகமேயன்றி வேறன்று.

நிற்க. 1792-ஆம் வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சீமையையும் கும்பெனியார்க்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்பது, இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் ஜில்லாக்களிற் பரந்து கிடக்கும் நிலப்பகுதி. அக்காலத்தில் சென்னைச் சிவில் உத்தியோகஸ்தருள் நாட்டுப் பாஷையும் குடிகள் வழக்கமும் அறிந்தவர் அரியராயிருந்தனர். ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு, பட்டாளத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீடு என்பவரை அப்புதிய சீமைக்கு அதிகாரியாக்கி, மூன்று பட்டாள உத்தியோகஸ்தரை அவர்க்குத் துணையாக நியமித்தார். ரீடு திருப்பத்தூரில் தங்கினார். வடபகுதி கிரேயமிடமும், தென்பகுதி மக்ளவுடிடமும், தருமபுரியைத் தலையிடமாகக் கொண்ட நடுப்பகுதி மன்றோவிடமும் ஒப்புவிக்கப்பட்டன. மன்றோவுக்கு அப்பொழுது வயது முப்பத்தொன்று. பெயர் சொல்லத்தக்க பதவியெதுவும் இல்லாத இளம் துரை அவர்.

அந்நாளில் நம் சீமை இருந்த நிலையைச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். மைசூர் யுத்தங்களில் படைகள் மாறி மாறி இக்கணவாய்களின் வழியே ஏறியும் இறங்கியும் போயின. இரண்டு பக்கத்துப் படைகளுக்கும் தானியமும் எருதும் நம் ஊர்களினின்றே போயின. அதிகாரி என்றால், வரி கேட்க வருபவன், அல்லது அடிக்க வருபவன் என்பதே குடிகள் அறிந்தது. அன்றியும் மேலதிகாரியை எந்தக் குடியானவனும் கண்ணாற் கண்டதில்லை. அவன் கண்டவர் கர்ணமும் மணியக்காரரும் அமுல்தாரின் சேவகருமே. இவ்வளவு நிலம் உழுதேன், இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்லுதற்கு அவனிடத்தில் ஒரு துண்டுக் காகிதமும் இருந்திராது. கர்ணத்தின் கணக்கே வேதவாக்கு.

ரீடும் அவர் துணைவரும் அவ்வழியை மாற்றினர். ஒவ்வொரு வயலையும் அளந்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம் எனப் பிரித்து, உழுகிறவனோடே நேராகத் தீர்வை பேசித் தீர்ப்பது என்பது அவர்கள் ஏற்படுத்திய முறை. இதுவே பின்னர் ரயத்துவாரி என்று பெயர்பெற்றது. முதலில் ஐந்தாண்டுக் குத்தகையாக விடவே ரீடு கருதினார். அது குடிகட்கு ஒத்துவராமற்போகவே, விரும்பிய நிலத்தை வருஷந்தோறும் வைத்துக் கொள்ளவும் விட்டுவிடவும் ரயத்துக்கு உரிமையுண்டென்று 1796-ஆம் வருஷத்தில் அவர் விளம்பரம் வெளியிட்டார். குத்தகையைக் காட்டிலும் இவ்வழியே குடிகட்கு உகந்தது என்பதை மன்றோ தம் பகுதியில் அநுபவத்தாற் கண்டறிந்தார்.

இவ்வேலையைக் கச்சேரியில் உட்கார்ந்து செய்தல் இயலாது. ஆதலின் மன்றோ வருஷத்திற் பெரும்பகுதியைக் கூடாரத்திற் கழித்தார். ஊர்ப்புறத்தே, பெரும்பாலும் ஒரு தோப்பிலே, கூடாரம் அடிப்பார்கள். காலை முதல் மாலை வரை குடிகள் சூழ்ந்திருப்பர். துரையின் உடை மிகவும் எளியது. தனி ஆடம்பரமோ ஆர்ப்பாட்டமோ இல்லை. வந்தவர்கள் தம் சொற்களில், தம் குரலில், சமயத்தில் எல்லோரும் ஒருங்கே உரக்கப் பேசுவர். மழையில்லை என்பார் ஒருவர். மாடு செத்தது என்பார் ஒருவர். அண்டை வயலுக்குக் குறைந்த தீர்வையும் தம் வயலுக்கு அதிகத் தீர்வையும் போட்டிருப்பதாகச் சொல்வார் இன்னொருவர். துரை மாலையிற் சிறிது உலாவச் சென்றாலும் அங்கேயும் பின்தொடர்வர். முன்னெல்லாம் மலையையும் ஆற்றையும் கண்டு மகிழ்ந்த தமக்கு, இப்பொழுது ரயத்துக்களின் முறையீடன்றி வேறொன்றும் காதில் விழுவதில்லை யென்னும் பொருள்பட அவர் ஊருக்கு எழுதியதுண்டு. சலிப்பும் சிரிப்பும் அதிற் கலந்திருக்கும். ஆயினும் அவர்களை விரட்டினாரில்லை.

அவர் குடிகளை முற்றும் நம்பினார் என்று நினைத்தலும் தவறு. தன் வயல் களரென்றும் கரம்பென்றும் ஒவ்வொருவனும் சொல்வான் என்பது அவர்க்குத் தெரியும். நம்மவர் அவ்விஷயத்திற் கெட்டிக்காரர் என்பதை நாமும் மறைக்க வேண்டுவதில்லை. ஆகவே பக்கத்து வயற்காரனைக் கேட்பார். பிறகு தாமே நடந்து சென்று மண்ணைப் பார்ப்பார். பொய் சொன்னவன்மேற் சினங்கொள்வதை விட, அவன் ஏன் பொய் சொல்ல வேண்டியவனானான் என்பதையே அதிகம் ஆராய்ந்தார். பல தலைமுறையாக அதிகாரியிடம் உண்மை சொன்னவன் கெட்டான், மறைத்தவன் பிழைத்தான். அப்பழக்கம் ஒரு ஜமாபந்தியில் நீங்கிவிடுமா?

இங்கே ஒன்று சொல்லியே தீரல் வேண்டும். மன்றோ நம் முன்னோர்க்கு எளியராய்க் காட்சி தந்தது, அவர்கட்குத் தர்மம் செய்வதற்காக அன்று. கும்பெனியார்க்கு வரி சேர்ப்பதற்காகவே அவர் வந்தார். அதனை நன்றாகவும் செய்தார். இடையிலிருந்த கர்ணமும் குத்தகைக்காரனும் மறைத்த நிலமெல்லாம் அளவுக்கு வந்தமையால் வருமானம் குறைவின்றிக் கிடைத்தது. இன்முகத்தோடு கேட்கும் அதிகாரியிடம் மறைப்பதைக் காட்டிலும் கடுகடுத்த அதிகாரியிடம் மறைப்பது எளிது என்று அக்காலத்துக் கிழவர் சிலரேனும் எண்ணியிருப்பர். இதனைச் சொல்லாமல் அவர் புகழை மட்டும் பாடுதல் சரித்திரமாகாது. எனினும் வரியைக் கொடுத்தவன் கையில் பட்டா வந்தது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதற்குமேற் கேட்டவன்மேல் முறையிட ஓர் இடமும் இருந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களிற் பழைய நிலப்பத்திரங்களைப் பெட்டியிற் பேணி வைத்திருப்போர் பலர். அக்காகிதங்களுக்கெல்லாம் மூதாதை இந்தப் பாராமகால் அளவைதான்.

நம் குலத்துப் பிள்ளைகள் படித்து இன்று பெரிய உத்தியோகங்களில் அமர்ந்திருப்பது நமக்குப் பெருமையே. ஆனால் ஊரிலிருந்து வரும் சிற்றப்பனையோ பெரியம்மாளையோ வாயிலில் நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்போரும் உளர் என்று நம் காதில் விழுகின்றது. செவி மந்தமான அந்நியன் ஒருவன் தோப்பில் அமர்ந்து கேட்டான் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

தருமபுரியில் மன்றோ தமக்கென ஒரு வீடமைத்து, அதனைச் சுற்றித் தோட்டமும் வைத்து, அன்போடு வளர்த்தார். வேலையின் இடையே அவர்க்கு ஆறுதல் அத்தோட்டமே. 1799-ஆம் வருஷத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் கன்னட ஜில்லாவுக்குப் போக நேர்ந்தது. ஓயாத மழையும் ஓயாத வழக்குமான அந்தக் கடற்கரைச் சீமை அவர்க்குச் சற்றும் பிடித்திலது. பாராமகாலையும் தருமபுரித் தோட்டத்தையும் நினைந்து ஏங்கி அங்கிருந்து கடிதங்கள் எழுதினார்.

1800-ஆம் வருஷம் முதல் 1807-ஆம் வருஷம் வரை அவர் தத்தமண்டலங்களுக்குத் தலைமைக் கலெக்டராயிருந்தார். பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை, கர்நூல் பக்கங்கள் அவை. பாளையக்காரர் எண்பதின்மர் வரை அங்கே ஆயுதபாணிகளாயிருந்தனர். அத்தகைய நாட்டிலும் அவர் நம்மூரிற் கற்ற வழியையே கைக்கொண்டார். கூடாரமும் குடிகளின் கூட்டமும் முன்போலவே. சிப்பாய்க் காவலோடு ஊருக்குட் சென்றாற் குடிகள் அஞ்சி ஒதுங்குவர் என்று கருதி, பெரும்பாலும் காவலின்றியே பயணம் செய்தார். அங்கே விதித்த தீர்வை விளைவில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு வரையிருந்ததை உணர்ந்து, அதில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென்று 1807-இல் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்தார் அதனை ஏற்றிலர். குடியைக் கூர்ந்து கேட்டவரின் சொல், கேளாதவர் மேசையிற் சென்று நின்றுவிட்டது. பதின்மூன்றாண்டு கழித்து, 1820-இல், கவர்னராய் வந்த பின்னரே அவர் அதனை நிறைவேற்ற முடிந்தது.

அச்சீமையார் அவர்மேற் கொண்ட அன்பு பெரிது. பிள்ளைகட்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர். மாண்டவ்ய ரிஷியே இவராக வந்தார் என்று பேசிக்கொண்டனர். மந்திராலயத்தில் ஸ்ரீ ராகவேந்திர சுவாமிகள் அவர்க்கு மட்டும் காட்சியளித்து உரையாடினார் என்னும் கதை இன்றளவும் வழங்குகின்றது. கதையின் உண்மை எப்படியாயினும், சுவாமிகள் தரிசனம் தந்ததாகச் சொல்ல ஜனங்கள் ஒரு கலெக்டரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதே நம் கருத்திற் படுகின்றது. அவ்வகைக் கதை நம் தருமபுரியில் வேரூன்றவில்லை. புகழடைந்தவரைக் கண்டவர் கதை கட்டுவர். புகழடையுமுன் கண்டவர், அளவுக் கோலும் தீர்வையுமாகவே நினைவிற் கொள்வர் போலும்.

கவர்னரான பின்பும் அவர் பழக்கம் மாறவில்லை. ஜில்லாக்களைச் சுற்றி வருதலை விடவில்லை. 1822-இல் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை திண்ணைப் பள்ளிக்கூடங்கள், அவற்றிற் படிக்கும் பிள்ளைகள் எத்துணையர், எந்த எந்த ஜாதியார் என்று கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். அக்கணக்கின்படி ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1824-ஆம் வருஷக் கடைசியில் எழுதிய குறிப்பிலே, இந்நாட்டாரை உயர்ந்த உத்தியோகங்களினின்று விலக்கி வைத்தால் அவர்கள் தாழ்ந்தே போவர் என்றும், தம்மைத் தாமே ஆளும் தகுதியடையும் காலம் வரையிலுமே ஆங்கிலேயர் இங்கிருத்தல் தகும் என்றும் வற்புறுத்தினார். குடிகளோடு அமர்ந்து பேசியிராத ஒருவர் அதனை எழுதியிருக்க மாட்டார் என்பதே நம் அபிப்பிராயம்.

1827-ஆம் வருஷத்தில் வேலையை விட்டுத் தாய்நாடு செல்லவேண்டிய தறுவாயில், பழைய தத்தமண்டலத்துக் குடிகளை ஒருமுறை கண்டு விடைபெற விரும்பிப் புறப்பட்டார். பரிவாரத்தில் வாந்திபேதி கண்டது. ஜூலை மாதம் 6-ஆம் தேதி பத்திகொண்டா என்னும் ஊரில் அந்நோய்க்கே இரையாகிக் கூடாரத்திலே உயிர் நீத்தார். உடலைக் குத்தியில் அடக்கம் செய்தனர். 1831-இல் எலும்புகளை எடுத்துச் சென்னைக் கோட்டையிலுள்ள செயிண்ட் மேரி கோவிலிற் சேர்த்தனர். அவர் இறந்த பத்திகொண்டாவில், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறப் புளியந்தோப்பு வைத்து, கற்படிகளோடு கூடிய கிணறும் வெட்டிவைத்தார்கள்.