பாப் கிரகாம்

ராபர்ட் கிரகாம் (1889 – 1966) இங்கிலாந்தின் கெசிக் நகரில் விருந்தினர் விடுதி நடத்தி வந்தவர் ஆவார். பாப் கிரகாம் என்ற சுருக்கப் பெயரால் இவர் பரவலாக அறியப்படுகிறார். 1932 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஏரி மாவட்டத்தின் 42 மலை உச்சிகளை 24 மணி நேரத்திற்குள் கால்நடையாகக் கடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பினார். அப்பாதை இன்று பாப் கிரகாம் சுற்று என அழைக்கப்படுகிறது. மலைப்பாதை ஓட்டத்தில் உலக அளவில் புகழ்பெற்ற நீண்ட தூரப் பாதைகளுள் இதுவும் ஒன்றாகும்.

கிரகாம் தொழில்முறை ஓட்டக்காரர் அல்லர். பெரிய போட்டி எதிலும் பரிசு பெற்றுப் புகழடைந்தவரும் அல்லர். இவர் நிகழ்த்திய சாதனையும் பின்னர் பலமுறை முறியடிக்கப்பட்டது. ஆயினும் இவருக்கு முன்னும் பின்னும் சாதனை படைத்தவர்களின் பெயர்களைக் காட்டிலும் இவருடைய பெயரே நிலைத்துள்ளது.

வாழ்க்கை

கிரகாம் 1889 இல் பிறந்தார். இவர் வாழ்ந்த கெசிக், இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா பகுதியில், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கு அருகில் உள்ள சிறு நகரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடர்வண்டிப் பாதை வந்த பின்னர் இந்நகரம் சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடமாக வளர்ந்தது. மலை ஏற வருவோருக்கு உணவும் தங்குமிடமும் அளிப்பது இப்பகுதியினர் பலருக்கு வாழ்வாதாரமாக இருந்தது. கிரகாமும் இத்தொழிலையே செய்தார். விடுதிப் பணிகளுக்கு இடையே சுற்றியுள்ள மலைகளில் ஓயாமல் நடந்து, அவற்றின் ஏற்ற இறக்கங்களை நன்கு அறிந்து வைத்திருந்தார். தம் காலணி தேய்வதைத் தவிர்க்க, பாதையைப் பார்த்து வரும் நாட்களில் மலைகளில் வெறுங்காலுடன் நடந்தார் என்றும் கூறப்படுகிறது.

ஏரி மாவட்டமும் ஃபெல் ஓட்டமும்

ஏரி மாவட்டத்தில் மலைகளை ஃபெல் என்பர். இச்சொல் பண்டைய நார்சு மொழியிலிருந்து வந்ததாகும். இம்மலைகள் உயரத்தில் பெரியவை அல்ல. இங்கிலாந்தின் மிக உயர்ந்த உச்சியான சுகாஃபெல் பைக் 978 மீட்டர் உயரமே உடையது. ஆனால் சரிவுகள் செங்குத்தானவை. சதுப்பு நிலம், உருளும் கற்கள் நிறைந்த சரிவு, ஈரமான பாறை, இடுப்பளவு வளரும் பெரணிச் செடிகள் ஆகியவை மாறி மாறி வரும். மூடுபனி சில நிமிடங்களில் உச்சிகளை மறைத்துவிடும். எனவே இங்கு ஓடுபவருக்கு உடல் வலிமையோடு வழி அறியும் திறனும் இன்றியமையாதது.

இங்கு வழக்கிலுள்ள ஃபெல் ஓட்டம் சமதளப் பாதையில் ஓடுவதிலிருந்து வேறுபட்டது. பல இடங்களில் குறியிட்ட பாதையே இருக்காது. கடக்க வேண்டிய உச்சிகள் மட்டுமே விதிக்கப்பட்டிருக்கும்; இடைப்பட்ட வழியை ஓடுபவரே தெரிவு செய்ய வேண்டும். செங்குத்தான ஏற்றங்களில் பெரும்பாலோர் நடந்தே ஏறுவர்.

முன்னோடிகள்

ஒரே நாளில் இயன்ற அளவு உச்சிகளைக் கடந்து, 24 மணி நேரத்திற்குள் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பும் முயற்சி கிரகாமுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1864 இல் எலியட் என்ற பாதிரியார் வாசுடேல் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள உச்சிகளைச் சுமார் எட்டரை மணி நேரத்தில் கடந்தார். இவ்வகை முயற்சிகளுள் தொடக்க காலத்தைச் சேர்ந்ததாக இது கருதப்படுகிறது.

கெசிக்கைச் சேர்ந்த மருத்துவர் ஆர்தர் வேக்ஃபீல்டு 1905 இல் 22 மணி 7 நிமிடங்களில் நீண்டதொரு சுற்றை முடித்தார். இவர் பின்னர் 1922 ஆம் ஆண்டு எவரெசுட்டு பயணக் குழுவில் இடம்பெற்றார். வேக்ஃபீல்டின் சாதனையை 1920 இல் மான்செசுட்டர் நகரப் பொறியாளர் யூசுடசு தாமசு முறியடித்தார். தம் சாதனையை முறியடிக்க முயன்ற தாமசுக்கு வேக்ஃபீல்டே உதவினார். போட்டியாளருக்குத் துணை நிற்கும் இவ்வழக்கம் ஃபெல் ஓட்டத்தில் இன்றும் தொடர்கிறது.

1932 ஆம் ஆண்டுச் சுற்று

1932 சூன் 13 அன்று அதிகாலை 1 மணியளவில் கெசிக் நகரின் மையத்திலுள்ள மூட் ஹால் என்ற கட்டடத்தின் முன்பிருந்து கிரகாம் புறப்பட்டார். அப்போது இவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். சூன் மாதத்தில் இப்பகுதியில் இரவு மிகவும் குறுகியது. எனவே இருளில் ஓட வேண்டிய நேரம் குறைவு. நண்பர்கள் சிலர் பாதையின் வெவ்வேறு பகுதிகளில் இவருக்குத் துணையாக ஓடினர்.

அக்காலத்தில் மலை ஓட்டத்திற்கென்று தனி உடையோ காலணியோ கிடையாது. கிரகாம் டென்னிசு காலணியும் நீளமான அரைக்காற்சட்டையும், மேலே இரவு உடையின் சட்டையும் அணிந்திருந்தார். வெண்ணெய் தடவிய ரொட்டி, வேகவைத்த முட்டை, பழங்கள், இனிப்புகள் ஆகியவை இவருடைய உணவாக இருந்தன.

42 உச்சிகளையும் கடந்து, புறப்பட்டு 23 மணி 39 நிமிடங்களுக்குப் பின்னர் இவர் மூட் ஹாலுக்குத் திரும்பினார். 24 மணி நேரத்திற்கு இன்னும் 21 நிமிடங்களே எஞ்சியிருந்தன. சராசரியாகப் பார்த்தால் வேகம் மணிக்கு நான்கரை கிலோமீட்டர் அளவே ஆகும். இது சமதளத்தில் ஒருவர் இயல்பாக நடக்கும் வேகத்திற்குச் சமமாகத் தோன்றலாம். ஆனால் இதனிடையே ஏறவேண்டிய மொத்த உயரம் ஏறத்தாழ 8,200 மீட்டர் என்பதையும், அதே அளவு இறங்கவும் வேண்டும் என்பதையும் கருத்தில் கொண்டால் இதன் கடுமை விளங்கும். எவரெசுட்டு சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர் என்பது ஒப்பிடத்தக்கது.

சுற்றின் பாதை

இன்று பின்பற்றப்படும் சுற்றின் நீளம் சுமார் 106 கிலோமீட்டர் (66 மைல்) ஆகும். கிரகாம் கடந்த உச்சிகளுள் சிலவற்றுக்கு மாற்றாக வேறு உச்சிகள் இன்றைய பட்டியலில் உள்ளன. மொத்த எண்ணிக்கை மாறவில்லை. இச்சுற்றை எந்தத் திசையிலும் ஓடலாம். சாலைகள் குறுக்கிடும் இடங்களைக் கொண்டு இது ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. வலஞ்சுழியாகச் செல்லும்போது அவை வருமாறு:

1. கெசிக் – திரெல்கெல்டு: சுகிடா (931 மீ), கிரேட் கால்வா, பிளென்காத்ரா (868 மீ) ஆகிய 3 உச்சிகள். எண்ணிக்கை குறைவெனினும் ஏற்றங்கள் நீண்டவை.

2. திரெல்கெல்டு – டன்மெயில் ரெய்சு: கிளஃப் ஹெட் முதல் சீட் சாண்டல் வரை 12 உச்சிகள். ஹெல்வெலின் (950 மீ) இப்பகுதியில் உள்ளது. பெரும்பாலும் புல் மூடிய நீண்ட முகடு என்பதால் இங்கு விரைவாக ஓட இயலும்.

3. டன்மெயில் ரெய்சு – வாசுடேல் ஹெட்: சுடீல் ஃபெல் முதல் சுகாஃபெல் வரை 15 உச்சிகள். இதுவே மிக நீண்டதும் கடினமானதுமான பகுதி. சுகாஃபெல் பைக்கிலிருந்து அடுத்துள்ள சுகாஃபெல் (964 மீ) உச்சிக்குச் செல்ல, பிராட் சுடாண்டு என்ற செங்குத்துப் பாறையில் ஏற வேண்டும். அதனைத் தவிர்க்க விரும்புவோர் கீழே இறங்கிச் சுற்றி ஏற வேண்டும்.

4. வாசுடேல் ஹெட் – ஹானிசுட்டர்: யூபாரோ, பில்லர், கிரேட் கேபிள் (899 மீ) உள்ளிட்ட 9 உச்சிகள். பாதித் தொலைவைக் கடந்து களைத்த நிலையில் யூபாரோவின் செங்குத்து ஏற்றத்தை எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், பலர் வாசுடேலிலேயே முயற்சியைக் கைவிடுகின்றனர்.

5. ஹானிசுட்டர் – கெசிக்: டேல் ஹெட், ஹிண்டுசுகார்த், ராபின்சன் ஆகிய 3 உச்சிகள். அதன்பின் எஞ்சிய தொலைவில் பெரும்பகுதி சாலை வழியாகும்.

28 ஆண்டு இடைவெளி

கிரகாமின் சுற்றை அடுத்த 28 ஆண்டுகளுக்கு எவரும் வெற்றிகரமாக முடிக்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும், அதுவும் ஒரு முறை மட்டுமே செய்த செயல் மனித ஆற்றலுக்கு இயல்பாக உட்பட்டதா என்ற கேள்விக்கு, வேறொருவர் அதைச் செய்து காட்டுவதே விடையாக முடியும். செய்தித்தாள் எழுத்தாளரான ஹாரி கிரிஃபின் இச்சாதனையைப் பற்றி எழுதி, புதிய தலைமுறை ஓட்டக்காரர்களின் ஆர்வத்தைத் தூண்டினார்.

1960 இல் ஆலன் ஹீட்டன் 22 மணி 18 நிமிடங்களில் இச்சுற்றை முடித்தார். அப்போது கிரகாம் உயிருடன் இருந்தார். அதன்பின் 24 மணி நேரத்தில் கடக்கப்பட்ட உச்சிகளின் எண்ணிக்கை விரைவாக உயர்ந்தது. 1963 இல் எரிக் பியர்டு 56 உச்சிகளையும், 1965 இல் ஆலன் ஹீட்டன் 60 உச்சிகளையும் கடந்தனர். கிரகாம் 1966 இல் காலமானபோது இவருடைய எண்ணிக்கை ஏற்கெனவே வெகுவாகப் பின்தங்கியிருந்தது.

சங்கமும் விதிகளும்

1971 இல் பிரெட் ரோஜர்சன் என்பவரின் முயற்சியால் பாப் கிரகாம் 24 மணி நேரச் சங்கம் தொடங்கப்பட்டது. சுற்றை 24 மணி நேரத்திற்குள் முடிப்பதே இதில் உறுப்பினராவதற்கான தகுதியாகும். 2,500 க்கும் மேற்பட்டோர் இத்தகுதியைப் பெற்றுள்ளனர்.

ஒவ்வோர் உச்சியையும் அடைந்ததற்கு உடன் ஓடும் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் முதன்மையான விதியாகும். தனியாக ஓடி முடிப்பவர் எவ்வளவு விரைவாக முடித்தாலும் உறுப்பினராக ஏற்கப்படுவதில்லை. துணைவர்கள் நேரத்தைக் குறித்துக் கொள்வதோடு வழி காட்டுகின்றனர். உணவும் உடையும் சுமக்கின்றனர். சாலை குறுக்கிடும் இடங்களில் மற்றொரு குழு காத்திருக்கும். இவ்வுதவிக்குக் கட்டணம் ஏதும் இல்லை. இன்று உதவி பெறுபவர் மற்றொரு நாள் வேறொருவருக்குத் துணையாக ஓடுவார். இதற்குப் போட்டி நாள், பரிசுத் தொகை, பதக்கம் எதுவும் கிடையாது.

எண்ணிக்கையில் மிஞ்சப்பட்ட பின்னும் கிரகாமின் சுற்று நிலைத்ததற்குக் காரணம் அதன் அளவேயாகும். 60 அல்லது 70 உச்சிகள் என்பது மிகச் சிலருக்கே இயலும். 42 உச்சிகள் என்பதோ வேறு வேலை பார்த்துக்கொண்டே பல மாதங்கள் பயிற்சி செய்யும் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் இயலக்கூடியது. ஆனால் உறுதியாக இயலும் என்று எவரும் சொல்ல முடியாதது. கிரகாம் வெறும் 21 நிமிடங்கள் மீதம் வைத்து முடித்தமையால், அவருடைய சாதனையே பிற்காலத்தவருக்கு ஏற்ற அளவுகோலாக அமைந்தது.

பிற்காலச் சாதனைகள்

உச்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, வாசுடேலைச் சேர்ந்த ஆடு வளர்ப்பாளர் ஜாசு நெய்லர் (1936 – 2024) 1975 இல் 72 உச்சிகளை 24 மணி நேரத்திற்குள் கடந்தார். மார்க் மெக்டெர்மாட் 1988 இல் 76, மார்க் ஹார்ட்டல் 1997 இல் 77, கிம் கொலிசன் 2020 இல் 78 என இவ்வெண்ணிக்கை மெதுவாக உயர்ந்தது.

42 உச்சிகள் கொண்ட சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பதும் தனிச் சாதனையாகக் கருதப்படுகிறது. பாரோடேல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த கல்தச்சர் பில்லி பிளாண்டு 1982 இல் 13 மணி 53 நிமிடங்களில் முடித்தார். இச்சாதனை 36 ஆண்டுகள் நிலைத்தது. 2018 இல் காட்டலோனியாவைச் சேர்ந்த கிலியன் சோர்னெட் 12 மணி 52 நிமிடங்களில் இதனை முறியடித்தபோது, பிளாண்டு நேரில் வந்து அவரை வரவேற்றார். 2022 இல் அமெரிக்கரான ஜாக் கென்சில் 12 மணி 23 நிமிடங்களில் முடித்தார்.

பெண்களில் முதன்முதலாக 1977 இல் ஜீன் டாசு 24 மணி நேரத்திற்குள் சுற்றை முடித்தார். ஜாசுமின் பாரிசு 2016 இல் 15 மணி 24 நிமிடங்களிலும், பெத் பாசுகல் 2020 இல் 14 மணி 34 நிமிடங்களிலும் முடித்தனர். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட நிக்கி சுபிங்சு 2016 இல் இச்சுற்றைத் தொடர்ந்து இருமுறை ஓடி, சுமார் 45 மணி 30 நிமிடங்களில் முடித்தமை குறிப்பிடத்தக்கது.

தாக்கம்

கிரகாமின் சுற்றைப் பின்பற்றிப் பிரித்தானியாவின் ஏனைய மலைப்பகுதிகளிலும் 24 மணி நேரச் சுற்றுகள் உருவாயின. சுகாட்லாந்தில் பென் நெவிசு மலையை உள்ளடக்கிய ராம்சே சுற்றை 1978 இல் சார்லி ராம்சே 24 மணி நேரம் நிறைவடைய இரண்டு நிமிடங்கள் இருக்கையில் முடித்தார். வேல்சில் சுனோடோனியா பகுதியில் 47 உச்சிகள் கொண்ட பேடி பக்லி சுற்றை 1982 இல் வெண்டி டாட்சு முதன்முதலாக முடித்தார்.

கிரகாம் ஓடிய காலத்தில் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாக இருக்கவில்லை. 1951 இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 2017 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் சேர்க்கப்பட்டது. நடப்போரும் ஓடுவோரும் பெருகியதால் முகடுகளில் மண்ணரிப்பு ஒரு சிக்கலாகியுள்ளது. ஃபிக்சு த ஃபெல்சு என்ற திட்டத்தின் கீழ்த் தன்னார்வலர்கள் அரிக்கப்பட்ட பாதைகளைக் கல் பதித்துச் சீரமைத்து வருகின்றனர்.

டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கு மேலே, ஆசுனசு பகுதியில் கிரகாமின் நினைவாக ஒரு கற்குவியல் அமைக்கப்பட்டுள்ளது. இவருடைய சுற்றை முடிப்போர் இன்றும் மூட் ஹாலின் படிகளைத் தொட்டே கடிகாரத்தை நிறுத்துகின்றனர்.