கைவினைக்குக் கைகொடுத்த கமலாதேவி

பொம்மையைப் பார்த்து மகிழ்கிறோம். பொம்மை செய்த கையைப் பார்க்கிறோமா?

ஓசூரில் தேரோடும் நாட்களை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தேரை நம்புகிறவர் தேருக்காக வருகிறார். நம்பாதவர் தெருக்கடைக்காக வருகிறார். மத்திகிரியிலிருந்து வருகிறார்கள், தேன்கனிக்கோட்டையிலிருந்து வருகிறார்கள், எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர் அனைவரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். மூங்கில் கூடையும் முறமும், மண்சட்டியும் அகல் விளக்கும், வளையலும் சாந்தும் கண்ணைப் பறிக்கின்றன. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்த சன்னபட்டணத்துப் பொம்மை, குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறது.

பொருட்காட்சிகளில் இப்போது இன்னொரு கடையும் சேர்ந்திருக்கிறது. அது மகளிர் குழுவினரின் கடை. வீட்டில் சுட்ட ராகி பிஸ்கட்டு, நிப்பட்டு, வெல்லம் போட்ட கேக்! பெரிய அடுப்பு வாங்க வசதி இல்லாத வீட்டில், குக்கரில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மெல்லிய தீயில் வேகவைத்து எடுத்த கேக் அது. அதன் மணம் காற்றில் வந்து நம் காலைக் கட்டிப் போடுகிறது.

மகிழ்ச்சிதான். ஏழைக்கும் உழைப்பாளிக்கும் மகிழ உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடை வாசலில் நாம் நடந்துகொள்வது எப்படி? பெரிய அங்காடியில் அச்சடித்த விலையை வாய் திறவாமல் கொடுக்கிறோம். கூடை முடைந்த மூதாட்டியிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் பேரம் பேசுகிறோம். சங்கத்தில் கூலி உயர்வு கேட்டு உயரும் அதே கை, சந்தையில் இன்னொரு தொழிலாளியின் கூலியைக் குறைக்கிறதே! இது நியாயமா?

கைவினைஞருக்குக் கிடைக்கவேண்டிய நியாயத்துக்காகவே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையார். அவர் காங்கிரசுக்காரர், பிறப்பால் உயர்சாதி என்று ஊர் சொன்ன வகுப்பைச் சேர்ந்தவர். நம் முகாமில் நின்றவர் அல்லர். மாற்று முகாமில் நின்றவர் என்பதற்காக ஒருவர் மாண்பை மறைப்பது பகுத்தறிவாளர் வழக்கமன்று. எடைபோட்டுப் பார்ப்போம்; ஏற்கத் தக்கதை ஏற்போம்.

1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தார் கமலாதேவி. மங்களூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தை அரசாங்க உயர் அலுவலர். வீட்டில் செல்வம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. மகளுக்கு ஏழு வயதானபோது தந்தை மறைந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. சொத்து முழுவதும் மூத்த தாரத்து மகனிடம் போய்ச் சேர்ந்தது. மனைவிக்கும் மகள்களுக்கும் மாதப்படி மட்டுமே மிச்சம். தாய் கிரிஜாபாய் அந்தப் பிச்சை வேண்டாமென மறுத்தார். தாய்வீட்டார் தந்த சீதனத்தைக் கொண்டே மகளை வளர்த்தார்.

பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லை என்ற சட்டம், ஏட்டில் இருக்கும்போது வெறும் எழுத்து. ஏழு வயதுச் சிறுமியின் தலையில் இறங்கும்போது அது இடி! 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்ததும், 1989ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மகளுக்கும் மகனோடு சமபங்கு என்று சட்டம் செய்ததும் எதற்காக? மங்களூரில் அந்த ஒரு வீட்டில் விழுந்த இடி, இந்த நாட்டில் எண்ணற்ற வீடுகளில் விழுந்துகொண்டிருந்தது என்பதற்காகத்தான்.

பதினான்காம் வயதில் கமலாதேவிக்குத் திருமணம் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் கணவர் இறந்தார். பள்ளிச் சிறுமி கைம்பெண் ஆனார்! மூலையில் உட்கார் என்று சொல்லக் காத்திருந்தது சமுதாயம். மூலையை மறுத்தார் அவர். படிப்பைத் தொடர்ந்தார், சென்னைக்கு வந்தார், இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். சரோஜினி நாயுடுவின் தம்பியான கவிஞர் அரீந்திரநாத்தை மணந்தார். கைம்பெண் மறுமணம், அதுவும் மொழி கடந்த மணம். வைதிகம் வாயில் அடித்துக்கொண்டது, அம்மையார் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் அந்த மணவாழ்வு பொருந்தாமல் போனபோது, ஊர் வாய்க்கு அஞ்சி ஒட்டிக்கொண்டிராமல் சட்டப்படி விலகினார். அந்தக் காலத்தில் அதற்கும் துணிவு வேண்டும்.

1921ஆம் ஆண்டு நீதிக்கட்சி ஆட்சியில், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. முதலில் வாக்களிக்க மட்டுமே உரிமை. 1926இல் தேர்தலில் நிற்கவும் வழி பிறந்தது. திறந்த கதவின் வழியே முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் கமலாதேவி. சென்னைச் சட்டமன்றத்துக்கு மங்களூர்ப் பகுதியிலிருந்து போட்டியிட்டார். மிகச் சிறிய வேறுபாட்டில் தோற்றார். அது தோல்வியா? இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி ஆண்களிடம் வாக்குக் கேட்டு மேடையேறிய அன்றே பாதி வெற்றி கிடைத்துவிட்டது.

1930இல் உப்பு அறப்போர். பெண்கள் அதில் முன்வரிசையில் நிற்க வேண்டுமென்று காந்தியாரிடமே வாதாடினார். பம்பாய் வீதியில் உப்புப் பொட்டலம் விற்றார், சிறை சென்றார். 1936இல் மீரத்தில் காங்கிரசு சோசலிஸ்டுக் கட்சி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இந்த வேகத்தில் போயிருந்தால் அவருக்கு எத்தனையோ பதவிகள் காத்திருந்திருக்கும். ஆனால் நாடு விடுதலை பெற்றபின் அவர் தேர்ந்தெடுத்த பாதை வேறு.

பிரிவினை வந்தது. வீடிழந்து, வயலிழந்து, உற்றார் இழந்து வந்த மக்கள் தில்லியைச் சுற்றிக் கூடாரங்களில் கிடந்தனர். 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை அமைத்தார் அம்மையார். ஃபரிதாபாதில் எல்லைப்புற மாகாணத்து அகதிகள் சுமார் 50,000 பேருக்காக ஒரு நகரம் எழுந்தது. எழுப்பியவர் யார்? அந்த அகதிகளேதான். கூட்டுறவு அமைத்து, கூலி பெற்று, தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினார்கள். கையேந்தி நின்றவர்களைக் கைத்தொழிலாளர் ஆக்கினால் அவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள் என்ற பாடத்தை அம்மையார் அங்கே கண்கூடாகக் கண்டார்.

1952இல் அனைத்திந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. அதன் தலைவரானார். அன்றைக்குக் கைவினைஞரின் நிலை என்ன? வாங்கி வந்த அரசர்கள் போய்விட்டார்கள். ஆலைப்பொருள் அங்காடியை நிறைத்துவிட்டது. இடையில் நின்ற தரகர், செய்தவருக்குச் சில காசும் தமக்குப் பல காசுமாகப் பங்கு பிரித்தார். பட்டினி கிடந்த தச்சர் பட்டறையை மூடினார். சாயம் தோய்த்தவர் வேறு கூலிக்குப் போனார்.

அம்மையார் அலுவலக நாற்காலியில் அமர்ந்து ஆணையிட்டவர் அல்லர். ஊர் ஊராகப் போனார், பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்தார். நமக்கு அண்மையில் உள்ள காளத்தியைப் பாருங்கள். துணியில் எழுதுகோலால் ஓவியம் தீட்டும் கலம்காரிக் கலை, கற்றவர் சிலர் கையோடு அழிந்துபோகும் நிலையில் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் அங்கே வாரியத்தின் பயிற்சி நிலையம் வந்தது. கலை பிழைத்தது. இன்று எத்தனையோ குடும்பங்கள் அதனால் உண்கின்றன. தில்லியில் குடிசைத் தொழில் விற்பனையகத்தைக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்று நடத்தி, மூலை முடுக்கில் செய்த பொருளுக்கு முதன்மைச் சாலையில் இடம் தந்தது. 1964இல் இந்தியக் கைவினைக் கழகத்தை நிறுவினார். அதன் தலைமையிடம் நம் சென்னை. 1965இல் கைவினை வல்லுநர்க்கு நாட்டின் விருது வழங்கும் வழக்கம் தொடங்கியது. பேர் தெரியாமல் உழைத்தவர்களுக்குப் பேர் வந்தது. 1966இல் மகசேசே பரிசு அம்மையாரைத் தேடி வந்தது.

அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. கைவினை என்பது பணக்காரர் கூடத்துக் கண்ணாடிப் பேழையில் உறங்கவேண்டியது அன்று. நாம் உட்காரும் பாய், நீர் மொள்ளும் பானை, குழந்தை கடிக்கும் பொம்மை ஆகிய அன்றாடப் பொருள்களில் அழகு குடியிருக்க வேண்டும். பத்தமடைக் கோரைப்பாயும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அப்படிப் பிறந்தவைதாமே!

இங்கே நம் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். கைத்தொழில் என்றாலே குலத்தொழில் அல்லவா? குயவர் மகன் குயவனாகவும் தச்சர் மகன் தச்சனாகவும் கிடக்க வேண்டும் என்று கட்டிப்போட்ட கயிறு அதுதானே? அதை ஏன் நாம் போற்ற வேண்டும்?

விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1953ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில்தான் நெசவாளர் துயர் துடைக்க அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். அதே ஆண்டில்தான், இந்த ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசகோபாலாச்சாரியார், முதலமைச்சர் நாற்காலியிலிருந்து ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பாதிநாள் பள்ளி. மீதிநாள் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பேர் சூட்டி, பெரியாரும் அண்ணாவும் நாடெங்கும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது.

ஒரே ஆண்டில் இரண்டு செயல். நெசவாளியின் துணியைத் தோளில் சுமந்தது இயக்கம். நெசவாளியின் மகனைத் தறியில் கட்டும் திட்டத்தை எதிர்த்ததும் இயக்கமே. இது முரண்பாடா? இல்லை. தொழிலை மதித்தோம், தொழில்மேல் ஏற்றிய பிறப்பு விலங்கை மறுத்தோம். குயவரின் மகள் மருத்துவர் ஆகட்டும். மருத்துவரின் மகன் மண் பிசைய ஆசைப்பட்டால் அவன் குயவன் ஆகட்டும். விரும்பிச் செய்தால் கலை. விதித்துச் செய்தால் அடிமைத்தனம்.

அம்மையாரின் பணியையும் இந்தத் தராசில்தான் வைத்துப் பார்க்கிறோம். பயிற்சி நிலையம் என்று வந்துவிட்டால், அப்பன் கற்றால்தான் மகன் கற்கலாம் என்ற வேலி தளர்கிறது. கூட்டுறவு என்று வந்துவிட்டால், தரகன் பிடி தளர்கிறது. விருதும் விலையும் வந்துவிட்டால், இழிதொழில் என்ற ஏச்சு ஓய்கிறது. சாதியை ஒழிக்க அவர் படை திரட்டவில்லை. அது நம் பணி. ஆனால் அவர் திறந்துவைத்த வாசல்கள் நம் பயணத்துக்கும் பயன்படுகின்றன.

சரி, வீட்டு அடுப்பில் சுட்ட பிஸ்கட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பெரிய தொடர்பு உண்டு! மண்ணைப் பிசைந்தவருக்காவது சில காசு கிடைத்தது. மாவைப் பிசைந்த தாய்க்கு என்ன கிடைத்தது? விடியுமுன் அடுப்பு மூட்டியவளின் உழைப்பை உழைப்பென்றே எண்ணாத உலகம் இது. 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் அமர்ந்து அப்பளம் இட்டார்கள். அது லிஜ்ஜத் என்ற பேரமைப்பாய் வளர்ந்தது. அங்கே உருட்டும் பெண்ணே உடைமையாளர்.

கமலாதேவி அம்மையார் 1988ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1989இல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் தன்னுதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தோன்றின. எங்கே? தருமபுரி மாவட்டத்தில்! கிருட்டிணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அன்று ஓசூரும் மத்திகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. கைநாட்டு வைத்த பெண் கையெழுத்திடக் கற்றாள். வட்டிக்கடைக்குப் போனவள் வங்கிக்குப் போனாள். அடுப்படியில் சுட்டதை அங்காடியில் விற்றாள். அம்மையார் கண்ட கூட்டுறவுக் கனவின் ஒரு கீற்று, அவரை அறியாத நம் பெண்களின் கையில், இந்த மண்ணிலேயே முளைத்தது.

தோழர்களே! நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பட்டறையில் இரும்பைக் கடைந்து வண்டிக்கு உறுப்புச் செய்யும் நமக்கு, கடைசலின் அருமை தெரியும். மயிரிழை பிசகினால் பொருள் கெடும் என்பது தெரியும். அந்த அருமை தெரிந்த நாமே மரத்தைக் கடைந்தவரிடம் விலையைக் குறைக்கலாமா? மாவைப் பதம் பார்த்துச் சுட்டவளிடம், வீட்டில் செய்ததற்கா இவ்வளவு விலை என்று கேட்கலாமா?

நம் கூலிக்கு நாம் கேட்கும் நியாயத்தை அவர்கள் கூலிக்கும் கொடுப்போம். கமலாதேவி அம்மையாருக்குச் சிலை வேண்டியதில்லை, மாலை வேண்டியதில்லை. செய்த கைக்குச் சேரவேண்டிய காசு குறையாமல் சேரட்டும். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.