57 வயதில் தொடங்கிய ஊழியம்



வயசாயிடுச்சு, இனிமேல் நான் என்ன ஊழியம் செய்யப் போறேன் என்று சொல்லுகிறவர்கள் நம் சபைகளில் அநேகர் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காகவே இந்த மாதம் சகோதரி சோபியா பேக்கர்ட் அம்மையாரின் ஜீவிய சரித்திரத்தை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வடபகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ சேலம் என்று ஒரு சிற்றூர். அங்கே 1824 ஜனவரி 3-ம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் சோபியா பிறந்தார். சின்ன வயதிலேயே கிராமப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருமானத்தைக் கொண்டே மேற்கொண்டு படித்தார். சொந்த ஊர்ப் பள்ளியில் வேலை செய்தபோது ஹேரியட் கைல்ஸ் என்ற இளம் சகோதரியின் ஐக்கியம் கிடைத்தது. ரூத்தும் நகோமியும் போல அந்த இருவரும் கடைசி மட்டும் பிரியவில்லை. பல பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தபின் சோபியா பாஸ்டன் பட்டணத்தில் ஒரு பாப்டிஸ்ட் சபைப் போதகருக்கு உதவியாளராக ஊழியம் செய்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட பொறுப்பு கொடுப்பது அபூர்வம்.

அப்போது அந்த தேசத்தின் தென்பகுதி எப்படி இருந்தது தெரியுமா? கறுப்பின மக்களை ஆடுமாடு போல விற்றார்கள், வாங்கினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 1829-லேயே ஒரு சட்டம் போட்டு, அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதைக் குற்றமாக்கினார்கள். வேதத்தைக் காதால் கேட்கலாம், கண்ணால் வாசிக்கக்கூடாது! உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. விலங்கு கழன்றது, ஆனால் எழுத்து தெரியவில்லை. வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் சுகத்தை விட்டு அங்கே போய்ப் பள்ளி நடத்தினார்கள். தெற்கத்திய வெள்ளையர் பலர் அவர்களை வீட்டுக்குள் சேர்க்கவில்லை, மரியாதை கொடுக்கவுமில்லை.

1880-ல் சோபியா தென்பகுதியைச் சுற்றிப் பார்க்கப் போனார். கறுப்பினப் பெண்களின் நிலைமையைக் கண்டு உள்ளம் உடைந்தது. நியூ ஆர்லியன்ஸில் வியாதிப்பட்டுப் படுத்தபோது ஹேரியட் போய்ப் பார்த்துக்கொண்டார். தேவன் கொடுத்த பாரம் வியாதியினால் குறையவில்லை. இந்தப் பெண்களுக்கென்று ஒரு பள்ளி வேண்டும் என்று பாஸ்டனில் உள்ள பெண்கள் மிஷனெரி சங்கத்தாரிடம் கேட்டார்கள். சங்கத்தில் பணம் போதவில்லை. இவர்களுக்கு வயதும் ஆகிவிட்டது. ஆகவே தயங்கினார்கள். கடைசியில் மெட்ஃபோர்டு ஊரிலுள்ள ஒரு சபை 100 டாலர் கொடுத்தது. அந்த 100 டாலரோடு 1881 ஏப்ரல் மாதம் இருவரும் ஜார்ஜியாவின் அட்லாண்டா பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கேதான் கர்த்தருடைய கரத்தைப் பாருங்க! அட்லாண்டாவில் ஃபிரண்ட்ஷிப் பாப்டிஸ்ட் சபை என்ற கறுப்பின மக்களின் சபை ஒன்று இருந்தது. அதன் போதகர் பிராங்க் குவார்ல்ஸ். தன் ஜனத்தின் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரையாவது அனுப்பும் என்று அவர் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த வேளையில்தான் இந்த இரண்டு சகோதரிகளும் கதவைத் தட்டினார்கள். எருசலேமில் சபையார் கூடி ஜெபித்தபோது பேதுரு வாசலில் வந்து நின்றானே, அதே போல!

போதகர் தன் ஆலயத்தின் அடித்தளத்தைத் திறந்துவிட்டார். ஈரம், இருட்டு, அடுப்புப் புகை. ஏப்ரல் 11-ம் தேதி பள்ளி ஆரம்பமானது. முதல் நாள் வந்தவர்கள் 11 பேர். வந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்தில் பிறந்து வளர்ந்த பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார். வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பதே அவர்கள் வாஞ்சை. மூன்று மாதத்தில் தொகை 80 ஆனது. இடம் போதாமல் நிலக்கரி போடுகிற அறையிலும் ஒரு வகுப்பு நடந்தது.

அந்த வருஷமே ஒரு பெரிய சோதனை வந்தது. பள்ளிக்கு உதவி தேடி வடக்கே போன குவார்ல்ஸ் போதகர் அங்கேயே வியாதிப்பட்டு மரித்துப்போனார். அந்தப் பள்ளிக்காகத் தன் ஜீவனையே கொடுத்த முதல் மனுஷன் அவர்தான். இதை நாம் மறக்கக்கூடாது. வடக்கத்திய சகோதரிகள் மாத்திரம் கட்டிய பள்ளி அல்ல அது. ஜார்ஜியாவின் ஏழைக் கறுப்பினச் சபைகளும் இரண்டு காசு போட்ட விதவையைப் போலத் தங்கள் இல்லாமையிலிருந்து கொடுத்தார்கள்.

1882-ல் கிளீவ்லாந்து பட்டணத்தில் ஒரு சபைக் கூட்டத்தில் சகோதரிகள் தங்கள் ஊழியத்தைப் பற்றிப் பேசினார்கள். எண்ணெய்க் கம்பெனி முதலாளி ஜான் ராக்ஃபெல்லர் அங்கே இருந்தார். காணிக்கைத் தட்டில் கையில் இருந்ததைப் போட்டபின், இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் இந்த வேலையில் நிலைத்திருப்பீர்களா, பாதியில் விட்டுவிடுவீர்களா என்பதே அந்தக் கேள்வி. நிலைத்திருப்பார்கள் என்று அறிந்து 250 டாலர் கொடுப்பதாக வாக்களித்தார்.

1883-ல் பள்ளி அடித்தளத்தை விட்டு 9 ஏக்கர் நிலத்துக்கு மாறியது. போருக்குப் பின் வடக்குப் படைகள் தங்கியிருந்த மரக் கட்டடங்கள் அங்கே இருந்தன. ஆனால் இடத்தின் மேல் கடன். கடனை அடைக்காவிட்டால் ஆண்கள் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற நிலை. சகோதரிகள் ஜெபத்தையும் விடவில்லை, வாசல் வாசலாகக் கேட்பதையும் விடவில்லை. 1884-ல் பள்ளியின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு ராக்ஃபெல்லர் குடும்பத்தோடு வந்து, கடன் முழுவதையும் தீர்த்தார். அவருடைய மனைவி லாராவின் பெற்றோர் ஸ்பெல்மன் குடும்பத்தார், தப்பி ஓடிவந்த அடிமைகளுக்கு முன்னாளில் உதவினவர்கள். அந்தக் குடும்பத்தின் பெயரே பள்ளிக்கு வைக்கப்பட்டது. 1886-ல் நர்ஸ் பயிற்சியும் தொடங்கினார்கள். படித்த பெண்கள் கிராமங்களுக்குப் போய் ஆசிரியைகளானார்கள்.

சோபியா 1891 ஜூன் 21-ம் தேதி, 67-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 11 பேரோடு ஆரம்பித்த பள்ளியில் அப்போது 464 மாணவிகள்! ஹேரியட் அதன்பின் 18 வருஷம் அதே பள்ளியை நடத்தி, 1909-ல் மரித்தார். கேட்ட கேள்விக்கு ஜீவியத்தினாலேயே பதில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பள்ளி ஸ்பெல்மன் கல்லூரியாக வளர்ந்து இன்றும் அட்லாண்டாவில் இருக்கிறது.

பிரியமானவர்களே, சோபியா அந்த அடித்தளத்தில் இறங்கினபோது வயது 57. ஊழியத்துக்குக் கிடைத்தது வெறும் 10 வருஷம். அந்த 10 வருஷத்தைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். மோசேயை 80 வயதில் அழைத்தவர் அவர்தானே?

நம் சபையிலும் வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, எழுத்து தெரியாததால் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டிருக்கிற தாய்மார் உண்டு. யாராவது வாசித்தால் கேட்பார்கள். தனியே இருக்கும்போது வாசிக்க முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அரைமணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக் கொடுக்க எத்தனை பேர் ஆயத்தம்? அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ரிட்டையர் ஆன ஆசிரியர் இருக்கிறீங்க, பத்தாவது படித்த தங்கச்சிகள் இருக்கிறீங்க. ஆரம்பிப்பது சுலபம், மூன்று வாரம் போனதும் மழை, விருந்தாளி என்று சாக்கு வரும். அப்போது அந்தக் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலைத்திருப்போமா?

கர்த்தர் தாமே நம்மை நிலைநிறுத்துவாராக. ஆமென். அல்லேலூயா!